பருவமறிந்து ஊட்டுதல்

பெரியோர் உண்ணும் உணவு அவர்தம் உடம்பைக் காக்கின்றது. குழந்தை உண்ணும் உணவோ, அதன் உடம்பைக் காப்பதோடு அமையாது அதனை ஆக்கவும் செய்கின்றது. எலும்பும் தசையும் குருதியும் மூளையும் முதற்சில ஆண்டுகளிலேயே விரைந்து வளர்கின்றன. அக்காலத்தில் நேர்ந்த குறையைப் பின்னர் எத்துணைப் பொருள் செலவிட்டும் முற்றும் நிரப்புதல் அரிது. ஆதலின் இளமகவுக்கு ஏற்ற உணவு ஊட்டுதல் பெற்றோரின் தலையாய கடமையாகும். 'நல்லுணவுக்குப் பெரும்பொருள் வேண்டுமே' எனப் பலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதன்று என்பதை எளிய குடும்பம் ஒன்றன் வாழ்க்கையால் அறியலாம்.

காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே, பல ஆண்டுகளுக்கு முன், உழவுத் தொழிலாளி ஒருவர் தம் தாயுடனும் மனைவியுடனும் வாழ்ந்து வந்தார். அவருக்கு நான்கு வயதுப் பெண் ஒருத்தியும், எட்டுத் திங்கள் நிரம்பிய ஆண் மகவு ஒன்றும் இருந்தனர். நாள்தோறும் அவ்வில்லத்தில் வெண்சோறும் புளிக்குழம்பும் உண்டு, வேறொன்றும் இல்லை. கூலி கிடைக்கும் நாளில் தந்தை கடைத்தெருவில் மிட்டாயும் முறுக்கும் வாங்கி வருவார். குழந்தைகள் மகிழ்வதைக் கண்டு தாமும் மகிழ்வார்.

ஆடித் திங்களில் ஒரு நாள் அந்தி வேளை. சிறுமி வாயிற்படியில் கால் இடறி வீழ்ந்தாள். முதல் நாளும் அவ்வாறே வீழ்ந்தவள் அவள். "கண்ணைத் திறந்து நடக்கலாகாதா?" என்று தாய் கடிந்தாள். பாட்டி மட்டும் ஒன்றும் பேசாது பேத்தியை உற்று நோக்கினாள். விளக்கேற்றிய பின்னும் அக்குழந்தை உண்கலம் எங்குள்ளது எனக் கையால் துழாவிற்று.

"பிள்ளையைத் திட்டாதே, அம்மா. அவள்மேல் குற்றம் இல்லை. இது மாலைக்கண்" என்றாள் பாட்டி. அவள் குரல் நடுங்கிற்று.

மறுநாளே சிறுமியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் ஆய்ந்து பார்த்து மருந்து அளித்தார். வைட்டமின் 'ஏ' என்னும் சத்துக் குறைந்தமையால் நேர்ந்த நோய் அஃது என்றும், இன்னும் காலந் தாழ்த்தியிருப்பின் பார்வையே பறிபோயிருக்கும் என்றும் கூறினார். பின்னர்த் தாயை நோக்கி, "உங்கள் கொல்லையில் என்ன மரங்கள் உள்ளன, அம்மா?" என்று வினவினார்.

"வேலியில் முருங்கை இருக்கிறது, ஐயா. கிணற்றடியில் ஒரு பப்பாளி உண்டு. பழத்தைக் காக்கை கொத்திப் போகும்; முருங்கைக் கீரையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுவோம்."

"ஆடு எப்படி இருக்கிறது?"

"நன்றாகக் கொழுத்திருக்கிறது, ஐயா."

"ஆட்டுக்குக் கொடுப்பதில் ஒரு பிடி பிள்ளைக்கும் கொடுங்கள். இன்று நான் அளித்த மருந்து இந்நோயை நீக்கும். மீண்டும் வாராமற் காக்கும் மருந்து உங்கள் வேலியில் இருக்கிறது" என்றார் அவர்.

தாய் நாணித் தலை குனிந்தாள். சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் மாலை, அகல் விளக்கின் ஒளியில் அச்சிறுமி பாட்டியின் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். பாட்டி அவ்வூசியை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அன்று தொட்டு அவ்வில்லத்து உணவு மாறியது, செலவு மிகவில்லை. கூலி பெருகாத குடும்பத்தில் அஃது எவ்வாறு இயன்றது? பருவத்தை அறிந்து நடந்தமையால் இயன்றது. மரத்தில் பழம் மிகும் நாளில் சந்தையில் அதன் விலை தாழும். கொடியில் காய் ஓயும் நாளில் விலை ஏறும். இவ்வளவே அதன் நுட்பம்.

தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழிப்படி, அம்முதுவேனில் இறுதியிலேயே பாட்டியும் மருமகளும் வேலியோரத்தில் அவரையும் புடலையும் பரங்கியும் ஊன்றினர். ஆவணியும் புரட்டாசியும் ஆகிய கார்காலத்தில் புடலை காய்த்தது. சந்தையில் வெண்டையும் பீர்க்கும் மலிந்தன. கொய்யாப் பழமும் எளிதிற் கிடைத்தது. ஆரஞ்சுப் பழத்தினும் வைட்டமின் 'சி' மிகுதியாக உடையது கொய்யா. ஆயினும் மலிவாகக் கிடைப்பதனாலேயே அதனை மதியாதார் பலர்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்யும். தோட்டங்களில் நீர் தேங்கும். காய்கறி விலை ஏறும். அப்பொழுது கை கொடுப்பவை பயறு வகைகள். பச்சைப்பயற்றையும் கொண்டைக்கடலையையும் வேகவைத்து மசித்துச் சோற்றோடு ஊட்டினாள் தாய். அரிசியில் குறைந்துள்ள புரதக் கூறு பயற்றில் உண்டு. பயற்றில் குறைந்தது அரிசியில் உண்டு. இரண்டும் சேருங்கால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றது. மழைநாளில் நீரைக் காய்ச்சி ஆற்றியே குழந்தைகளுக்குக் கொடுத்தாள்.

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். ஆடியில் ஊன்றிய அவரை அப்போது கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. பரங்கியும் பழுத்துக் கிடந்தது. மொச்சை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனங்கிழங்கு, நெல்லிக்கனி ஆகியவை சந்தையில் குவிந்தன. மாசி பங்குனியில், நெல் அறுத்த தாளடியில் விளைந்த உளுந்தும் பயறும் களத்துக்கு வந்தன. கூலியாகப் பெற்ற உளுந்து களியாகவும் இட்டலியாகவும் ஆயிற்று. இளவேனில் வந்ததும் மாம்பழமும் வெள்ளரியும் நுங்கும் மலிந்தன. வெயிலில் காய்கறிகளை வற்றலாக்கி மழைக்காலத்துக்கெனப் பானையில் சேமித்தாள் பாட்டி. மீண்டும் முதுவேனில் வந்தபோது கேழ்வரகுக் கூழ் அடுப்பேறியது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் அதன் பத்தில் ஒரு பங்கும் இல்லை. எலும்பு வளரும் பருவத்தினர்க்கு அஃது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மிட்டாய்க்குச் சென்ற காசு இப்போது வேறு வழியிற் சென்றது. கிழமைக்கு இருமுறை முட்டையோ, முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலி மீனோ வந்தது. புலால் உண்ணாத இல்லங்களில் அக்காசு பாலாகவும் நிலக்கடலையாகவும் ஆகலாம்.

எதனை ஊட்டுவது என்பதோடு, எவ்வாறு ஊட்டுவது என்பதும் அறியத்தக்கது. பிறந்து ஆறு திங்கள் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, மசித்த கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். குழந்தையின் வயிறு சிறிது. ஆதலின் ஒருவேளையில் மிகுதியாகத் திணியாது, பலவேளை அளவாக ஊட்டுதல் நன்று. கீரையோடு சில துளி எண்ணெய் சேர்த்தால்தான் அதிலுள்ள கண்ணுக்குரிய சத்து உடம்பில் சுவறும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்கனியோ உடனிருப்பின் கீரையின் இரும்புச்சத்தும் நன்கு சேரும். கீரையை அரிந்தபின் கழுவலாகாது. கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். முழு நிலக்கடலை சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். அதனைப் பொடித்தே தருதல் வேண்டும்.

சோறு மட்டும் உணவாகாது என்பதை அறிவியலாரும் ஆய்ந்து கண்டனர். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே அளித்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டவை நலிந்தன. நெல்லைப் புழுக்கிக் குத்தினால் தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசியினுள் ஊறி நின்றுவிடும். புழுங்கலரிசி உண்ணும் வழக்கத்தின் நன்மை இதனால் விளங்கும். குன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கி வருகின்றது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் எந்த மூலிகையின் பெயரையும் கூறவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து அளவாக உண்ணுதலையே வலியுறுத்தினார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் மலர்ந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் தொடக்கப்பள்ளி மாணவர்க்குக் காலை உணவும் வழங்கப்பெறுகின்றது. ஆயினும் பள்ளியும் அங்கன்வாடியும் ஒரு நாளின் சில வேளைகளையே காக்கும். ஏனைய வேளைகள் இல்லத்தின் பொறுப்பாகும். பளபளக்கும் உறையிலிட்டு விற்கப்படும் தின்பண்டத்துக்குக் கொடுக்கும் காசு ஒரு கட்டுக் கீரையை விழுங்கிவிடுகின்றது என்பதை வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளும் உணர்தல் வேண்டும்.

காவிரிக் கரைக் குடும்பத்தின் ஆண் மகவு மாலைக்கண் என்னும் சொல்லையும் அறியாமலே வளர்ந்தான். அவன் தமக்கை மட்டும் அதனை மறக்கவில்லை. நாள்தோறும் காலையில் முருங்கைக் கீரையை அவளே ஒடித்து வருவாள். முதற்பிடியை அடுக்களையில் வைத்த பின்னரே எஞ்சியதை ஆட்டுக்கு இடுவாள்.