கடல் நடுவே ஒரு கொடியேற்றம்

நாட்டின் திருநாளை அந்நாட்டு மண்ணில் நின்று கொண்டாடுவதே வழக்கம். காலடியில் மண்ணே இல்லாத இடத்தில் அத்திருநாள் வந்துற்றால்? 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நாம் அந்நிலையில் இருந்தோம். அப்போது நமக்கு வயது பதினொன்று.

பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் நோக்கி 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் வந்துகொண்டிருந்தோம். மூன்று வயதில் அக்கரை சென்ற நமக்கு நினைவு தெரிந்த ஊர் பினாங்கு ஒன்றே. வாப்பா அங்கே ஒரு நாசி கந்தர் கடையில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். மலேசியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், குடியுரிமை இல்லாதவர் தொழில் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் அச்சீட்டுக்காகக் காத்து நின்று சலித்தவர்கள், இறுதியில் குடும்பத்தோடு ஊர் திரும்பத் துணிந்தார்கள். உம்மா கப்பலேறிய நாள் முதல் தலை தூக்கவில்லை. அது கடல் மயக்கமா, பிரிவுத் துயரா என்பதை நாம் அன்று அறியோம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 15 ரமளானில் வந்தது. இந்திய வணிகக் கப்பல்களின் பின்புறத்தில் நாள்தோறும் பறப்பது செந்நிறக் கொடி. அதன் மேல்மூலையில் மட்டும் மூவண்ணம் இருக்கும். அன்று காலை மேல்தளத்தில் முழு மூவண்ணக் கொடியே ஏற்றப்பட்டது. மாலுமிகளும் பயணிகளும் வரிசையில் நின்றனர். நாட்டுப்பண் ஒலித்தது. நமக்கு அதன் சொற்கள் தெரியா. பள்ளியில் நாம் பாடிப் பழகியது வேறொரு நாட்டின் பண். நாம் அறிந்த சுதந்திர நாளோ ஆகஸ்ட் 31. சுற்றி நின்றோர் பாட, நாம் உதடு மட்டும் அசைத்தோம். அந்த வெட்கம் இன்றும் மறையவில்லை.

பின்னர் ஆளுக்கொரு லட்டு வழங்கினார்கள். கையில் வாங்கி விழித்து நின்றோம். "பயணத்திலே நோன்பை விட அனுமதி இருக்கு தம்பி, உனக்கு இன்னும் கடமையும் ஆகலை. சாப்பிடு" என்றார்கள் வாப்பா. நாம் தின்றுவிட்டோம். அவர்களோ தம் லட்டைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார்கள். பயணிக்குச் சலுகை உண்டெனினும், வருத்தமில்லையேல் நோற்பதே சிறந்தது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு.

"வாப்பா, நம்ம நாடு எது?" என்று கேட்டோம்.

"மஃரிபுக்கு அப்புறம் சொல்றேன்" என்றார்கள்.

பொழுது சாய்ந்தது. பாங்கு ஒலித்ததும் தண்ணீர் அருந்தி நோன்பு திறந்தார்கள். லட்டை இரண்டாகப் பிட்டுப் பாதியை நமக்குத் தந்தார்கள். பிறகு கையேந்தினார்கள். "யா அல்லாஹ், பினாங்கையும் அங்கே எங்களுக்குச் சோறு தந்த மக்களையும் நல்லா வை, நாங்க போற ஊரிலேயும் எங்களுக்கு முஹப்பத்தைக் கொடு" என்று தமிழிலேயே இறைஞ்சினார்கள். நம் கேள்விக்கு வேறு விடை சொல்லவில்லை. மறந்துவிட்டார்கள் போலும் என்றே எண்ணினோம்.

பின்னாளில் மதரஸாவில் ஹதீஸ் ஓதிய காலத்தே அவ்விடை நமக்கு விளங்கிற்று. நாட்டுப்பற்று ஈமானைச் சார்ந்தது என்னும் வாசகம் நபிமொழியெனப் பரவியிருப்பினும், ஹதீஸ்கலை வல்லார் அதனை அவ்வாறு ஏற்பதில்லை. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறுகையில் அந்நகர்மீது தமக்குள்ள அன்பை எடுத்துரைத்ததும், மதீனா சேர்ந்தபின், மக்காவைப் போலவே அவ்வூரையும் தமக்கு நேசமாக்கித் தருமாறு இறைவனிடம் வேண்டியதும் ஏற்கப்பட்ட செய்திகள். பிரிந்த ஊரை மறக்கவும் வேண்டா; புகுந்த ஊரை வெறுக்கவும் வேண்டா. மதரஸா வாசலை மிதித்திராத வாப்பா அந்தப் பாடத்தை நடுக்கடலிலேயே நமக்கு ஓதிக் கொடுத்துவிட்டார்கள்!

1985 பிப்ரவரியில் அக்கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்கள் மாண்டன. அத்துடன் அதன் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. வாப்பா இன்று நாகப்பட்டினத்து மண்ணில் அடங்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று நம் பள்ளியில் கொடியேற்றி மாணவர்க்கு இனிப்பு வழங்குகிறோம். நாட்டுப்பண்ணைச் சொல் பிசகாமல் பாடுகிறோம். நமக்குரிய இனிப்பை மட்டும் அப்போதே உண்பதில்லை; கைக்குட்டையில் முடிந்து வைத்து மஃரிபுக்குப் பின்னரே பிரிக்கிறோம். அப்போது நாம் கையேந்திக் கேட்கும் துஆவில் இரண்டு ஊர்களின் பெயர்களும் இருக்கும்.