கடலுக்குப் பட்டா கிடையாது

எங்கள் அப்பா கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். முதலில் பினாங்கு ஜோர்ஜ் டவுனில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், கீழே கடை, மேலே எங்கள் குடும்பம். 1948க்கு முந்தைய பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைக்க ஒரு சட்டம் இருந்தது. அதன் தயவில்தான் நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் தலைமுறைகளாக அங்கேயே காலம் தள்ளின. 2000 ஜனவரி முதல் தேதியோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று. வாடகை மளமளவென்று ஏறியது. மலாய்க்காரர், சீனர், நாங்கள் என்று தெருவே மூட்டை கட்டியது. அப்பா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. "நம்ம பேருல இல்லாத வீடு. நாம என்னத்தம்மா கேக்குறது?" என்றார்.

அந்தச் சொல் என்னை விடவே இல்லை. வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு இரண்டே ஆசை. வீடு என் பெயரில் இருக்க வேண்டும், கடலைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டாவது ஆசைக்கான காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள், ஒருநாள் என் வீட்டுப் பால்கனியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

மனசில் இருந்த ஊர் தஞ்சோங் புங்கா. தஞ்சோங் தோக்கோங்குக்கும் பத்து ஃபெரிங்கிக்கும் நடுவே, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், இடையில் வளைந்து போகும் சாலை. 101ஆம் எண் பேருந்தில் ஏறினால் தெலுக் பஹாங் வரை போகலாம். மாசி மகத்துக்குச் சிங்கமுகக் காளியம்மனின் தெப்பம் கடலில் இறங்குவதைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கப் போன வழி அது.

என் கணவர் உடனே சம்மதிக்கவில்லை. "முதல்ல வாடகைக்கு இருந்து பாப்போம்" என்றார். மறுபடியும் வாடகையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாடகைக் காலம் கற்றுக்கொடுத்ததுதான்.

கடலைப் பார்த்த உயரமான மாடி. காற்று பிய்த்துக்கொண்டு வரும். சில மாதங்களிலேயே ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் துரு ஒட்டியது. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியில் இருக்கும் மெல்லிய தகடுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பால்கனிக் கூரையில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. சாயம் பூசினால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம். ஒரு விடியற்காலையில் அங்கிருந்து தட்டு அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. மேலே பார்த்தால், உள்ளே இருந்த இரும்புக் கம்பி ஊறிய கரும்புச் சக்கை மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. உப்புக் காற்று சிமெண்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் சிமெண்டைத் தள்ளிவிடும். கடலோரக் கட்டடம் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது. கவனித்துக்கொண்டே இருந்தால் அடங்கி இருக்கும்.

யார் கவனிப்பது? அதற்கான பதில் மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இருந்தது. பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் பட்டியல், ஒரு தாள் முடிந்து அடுத்த தாளுக்கும் ஓடியது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, ஒவ்வொரு உரிமையாளரும் மாதக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காட்டைச் சேமிப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். வெளிச்சுவர், கூரை, மின்தூக்கி போன்ற பெரிய செலவுகளுக்கு அந்த நிதிதான் கை கொடுக்கும். எங்கள் கட்டடத்தில் அது வறண்டிருந்தது. மின்தூக்கி நின்றபோது, மேல்மாடிச் சீனப் பாட்டி பசாரிலிருந்து வாங்கிய காய்கறிப் பையோடு மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். எத்தனையோ தடவை அந்தப் பையை நான் வாங்கித் தூக்கியிருக்கிறேன். வெளியே கடல் அவ்வளவு அழகாக இருக்கும்.

அந்த அழகும் நிலையானதல்ல. தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்து வீடு வாங்கியவர்களுக்கு எதிரே இன்று கடைத்தொகுதியும் மாளிகைகளும் நிற்கின்றன; அந்த இடமெல்லாம் முன்பு அலையடித்த இடம். கர்னி டிரைவ் எதிரிலும் கடலைத் தூர்த்துப் பூங்கா அமைத்துவிட்டார்கள். கடல் காட்சிக்கென்று கூடுதலாக எவ்வளவு கொடுத்தாலும், அந்தக் காட்சி எந்தப் பட்டாவிலும் எழுதப்படுவதில்லை.

பயமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று இந்த வடகரையையும் ஆழிப்பேரலை தாக்கியது. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். கடலை விட்டு மலையோரம் ஒதுங்கலாம் என்றால், 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் புங்கா கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து போனார்கள். 76 மீட்டருக்கு மேலோ, 25 பாகைக்கு மேல் சரிவாகவோ இருந்தால் அது மலைநிலம் என்று மாநிலத்தில் வரையறை இருக்கிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தின் பின்பக்கம் போய், தடுப்புச் சுவரையும் மழைநீர் வடிகாலையும் அவசியம் பார்க்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது சாலையைப் பார்த்த, மாடி குறைந்த பழைய அடுக்ககம். கடல் தெரிய வேண்டுமென்றால் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் நிதிக்கணக்கு ஒழுங்காக இருந்தது. ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் வழக்கறிஞர் தமிழ்ப் பெண். "அக்கா, வீட்ட அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பேப்பரப் பாருங்க" என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகை என்றால் மிச்சம் எத்தனை ஆண்டு? வீட்டுக்குத் தனிப்பட்டா வந்துவிட்டதா? நில அலுவலகத் தேடலில் வங்கி அடமானமோ தடையாணையோ இருக்கிறதா? விற்பவர் கட்டணப் பாக்கி வைத்திருக்கிறாரா? முன்பணம் 10 விழுக்காட்டோடு செலவு முடிந்துவிடாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. 450,000 ரிங்கிட் வீட்டுக்குப் பெயர் மாற்ற முத்திரை வரி மட்டும் 8,000 ரிங்கிட். முதல் வீடு வாங்குபவருக்கு விலக்கு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காகிதத்தின் அருமை நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. குளுகோரில் கம்போங் புவா பாலா என்ற தமிழ்க் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தவர்களிடம் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. நிலம் கைமாறியது, வழக்கு தோற்றது, 2009இல் வீடுகள் இடிபட்டன. அந்தச் செய்தியை வாசித்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

கடலோரத்தில் வீடு தேடுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அதே கட்டடத்தில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருங்கள். முடியாவிட்டால் ஒரு மழைநாளில் போய், மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையை நின்று வாசியுங்கள். முன்பணச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நில அலுவலகத் தேடலை எடுத்துத் தரச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.