ஆறாவது ஆள்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு உலகத்தில் எத்தனையோ ஆபத்துக்கள் உண்டு. பரீட்சைக் காகிதங்கள் உண்டு, பெற்றோர்கள் உண்டு, மேலதிகாரிகளின் வருகை உண்டு. ஆனால் நடுக்கடலில் படகு கவிழ்வது என்னும் ஆபத்து சாதாரணமாக அவருடைய ஜாதகத்தில் இருப்பதில்லை. என் ஜாதகத்தில் அது எப்படியோ வந்து புகுந்துகொண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் பிறந்த ஊரில் கடல் கிடையாது. கண்மாய் ஒன்று உண்டு. அதிலும் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இராது. ஆகையால் நீச்சல் என்னும் கலை எங்கள் குடும்பத்துக்கு அவசியப்படவே இல்லை. சரித்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, பல ஊர்களில் பாடம் நடத்திவிட்டு, 2019-ஆம் வருஷம் தொண்டிக்கு அருகில் உள்ள ஒரு கடற்கரை ஊருக்கு மாற்றலாகி வந்தேன். ராபர்ட் பால்க் என்பவர் 1763 முதல் 1767 வரையில் சென்னைக் கவர்னராக இருந்தார் என்றும், அவர் பெயரைத்தான் பாக் நீரிணை தாங்கி நிற்கிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே அந்த நீரிணை கிடந்து மின்னுவதைத் திரும்பிப் பார்த்தேனா என்றால், இல்லை என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் கரையோர ஊர்களில் திருவிழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. இப்போது மீன் பிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தை நம்பித்தான் போகிறார்கள். பாய் என்பது பலருக்குத் தாத்தா காலத்துச் சமாசாரமாகிவிட்டது. ஆயினும் திருவிழா வந்துவிட்டால், பரணில் சுருட்டி வைத்திருந்த பாயை இறக்கி வெயிலில் விரிக்கிறார்கள், ஓட்டைகளைத் தைக்கிறார்கள், பாய்மரத்துக்கு எண்ணெய் பூசுகிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் படகுகள் வந்து சேருகின்றன. ஒரு படகுக்கு ஆறு பேர். கரையிலிருந்து புறப்பட்டு, தூரத்தில் கொடி நாட்டி நங்கூரமிட்டிருக்கும் படகைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கரையில் ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒலிபெருக்கியின் சத்தம் கடலின் சத்தத்தை அடக்கிவிடுகிறது.

2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய தகப்பனார் வீட்டுக்கு வந்தார். ஊரில் அவரைத் தண்டயல் என்பார்கள், படகை நடத்துகிறவர். திண்ணையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஸார், ஓர் ஆள் குறையுது. வர்றேன்னு சொன்னவன் துபாய்க்கு டிக்கெட் வந்துடுச்சின்னு போயிட்டான்."

"அதற்கு நான் என்ன செய்ய முடியும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க ஸார்?" என்று கேட்டார்.

எண்பத்திரண்டு என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. சர்வகலாசாலைப் பட்டம் எனக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறது; ஆனால் என் தொந்தியை ஒரு யோக்கியதாம்சமாக மதித்து ஒருவர் அழைத்தது என் ஆயுளில் அதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் சரியென்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போனதும் என் மனைவி கேட்டாள்: "நீந்தத் தெரியாதவருக்குக் கடலில் என்ன வேலை?" நியாயமான கேள்வி. மிதவைச் சட்டை போட்டுக்கொள்வதாக வாக்களித்தேன். அவள் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி ரஸத்தில் உப்பு இல்லை.

எடைக்கு என்ன அவசியம் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் கரையின் படகு அகலம் குறைந்தது, பாயோ பெரியது. பலமான காற்று அடித்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகவே காற்று வரும் பக்கமாகப் படகுக்கு வெளியே ஒரு நீண்ட பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி நிற்கிறார்கள். பாய்மரத்தின் மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்க வேண்டும். காற்று ஏற ஏற, பலகையின் நுனிக்குப் போக வேண்டும்; காற்றுத் தணிந்தால், மறு நொடியில் உள்ளே ஓடி வந்துவிட வேண்டும். தராசுத் தட்டில் படிக்கல்லுக்கு என்ன வேலையோ, அதுதான் பலகை ஆளுக்கும் வேலை. ஆனால் படிக்கல் தானாக நகர வேண்டியதில்லை.

போட்டியன்று 23 படகுகள் புறப்பட்டன. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. காற்றோடு ஓடும்போது கஷ்டமே தெரியவில்லை. பாய்கள் எல்லாம் வயிறு புடைத்து நின்றன. இருபக்கமும் படகுகள், ஒரு படகிலிருந்து மறு படகுக்குக் கேலிப் பேச்சுக்கள், மரத்தின் அடியில் தண்ணீர் சலசலவென்று கிழிபடும் ஓசை. கடல் அங்கே ஆழமில்லாதது. இறங்கும் வெயிலில் பச்சை நிறமாக இருந்தது. இத்தனை வருஷம் இதை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

கொடிப் படகைச் சுற்றித் திரும்பிய பிறகுதான் விஷயம் ஆரம்பமாயிற்று. இப்போது காற்று முகத்துக்கு நேரே. காற்றை எதிர்த்து எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது. குறுக்கே சாய்ந்து சாய்ந்து, வலமும் இடமுமாகத் திரும்பித்தான் முன்னேற வேண்டும். எதிர்க் காற்றிலே படகு எப்படி முன்னே போகிறது? ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். அது முன்னால் தெறித்து ஓடும். காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தண்ணீர் படகின் உடலைப் பக்கவாட்டில் நழுவ விடாமல் தடுக்கிறது. இரண்டு விரலுக்கும் நடுவே அகப்பட்ட படகு முன்னே பாய்கிறது. இதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கயிறு ஒன்றுதான்.

நாங்கள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். முதல் மூன்று படகுகளுக்குத்தான் பரிசு. எங்களில் ஒருவர் தம் பங்கை மகளுடைய காலேஜ் சம்பளத்துக்கென்று முன்னாலேயே ஒதுக்கி வைத்திருந்தார். கரை கண்ணுக்குத் தெரிந்தது. பந்தலின் வர்ணத் துணிகளும் தெரிந்தன. நான் பலகையின் நுனியில் நின்றேன். திடீரென்று காற்று விழுந்துவிட்டது.

எனக்கு முன்னால் நின்றவர் உள்ளே பாய்ந்து போய்விட்டார். "ஸார், வாங்க!" என்று தண்டயல் கூப்பிட்டது காதில் விழுந்தது. வர வேண்டும் என்று மூளைக்கும் தெரிந்தது. ஆனால் கைகள் கயிற்றை விடவில்லை. கால்கள் பலகையை விடவில்லை. பலகையின் நுனி என் எண்பத்திரண்டு கிலோவோடு தண்ணீரில் முங்கியது. படகு வெடுக்கென்று திரும்பிற்று. மறுபடியும் எழுந்த காற்று பாயைத் தவறான பக்கத்தில் அறைந்தது. அடுத்த கணம் நாங்கள் ஆறு பேரும் தண்ணீரில் இருந்தோம். பாய் நீளவாட்டில் கிழிந்து என் தலைமேல் படுதாவைப்போல் விழுந்தது.

பயப்படும்படி ஒன்றும் நேரவில்லை. மிதவைச் சட்டை தன் கடமையைச் செய்தது. இரண்டு பேர் என்னைத் தூக்கிக் கவிழ்ந்த படகின்மேல் உட்கார வைத்தார்கள். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. காவலுக்கு வந்த இயந்திரப் படகு எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது. அப்படி இழுபட்டு வந்தவர்களுக்குப் போட்டியில் இடமில்லை.

கரையில் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கடல்னா அப்படித்தான் ஸார்" என்றார் தண்டயல். காலேஜ் சம்பளத்துக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். கிழிந்த பாய்க்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் இருந்தார்களே, அவர்களில் ஒருவன் இந்தத் தவறைச் செய்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் பாட்டன் பூட்டன் வரையில் இழுத்துத் திட்டியிருப்பார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குள் மறந்தும் இருப்பார்கள். எனக்கோ மரியாதை கிடைத்தது. படகில் ஆறாவது ஆளாக ஏறினேன். விருந்தாளியாக இறக்கி விட்டுவிட்டார்கள்.

அந்த மரியாதை பல நாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் வகுப்பில் பாடம் நடத்தும்போது அதன் காரணம் விளங்கிற்று. கடைசி பெஞ்சில் மூன்று பையன்கள். விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு, தூங்கி வழிந்துகொண்டே பள்ளிக்கு வருகிறவர்கள். பாவம் என்று நினைத்து நான் அவர்களைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். தப்பு எழுதினாலும் கோபிப்பதில்லை. அதைக் கருணை என்றுதான் எண்ணியிருந்தேன். கவிழ்ந்த படகின்மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்தது அதே கருணைதான். "உன்னால் ஆகாது" என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. மறுநாள் முதல் அந்த மூவரையும் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். முதலில் திகைத்தார்கள், பிறகு கோபித்தார்கள், பிறகு ஒருவன் பதில் சொன்னான்.

நிற்க. நாற்பத்து நான்காம் வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளப் புறப்பட்டேன். குருநாதர் யார் என்றால், கடைசி பெஞ்சு மூவரில் ஒருவன்தான். இடுப்பளவுத் தண்ணீரில் ஊர்ச் சிறுவர்கள் கரையில் நின்று சிரிக்கச் சிரிக்க, நாலு மாதத்தில் ஒருவாறு மிதக்கக் கற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டயலின் படகில் பலகைமேல் ஏறி இறங்கிப் பழகினேன்.

சரித்திர உபாத்தியாயர் அல்லவா? படிக்கவும் செய்தேன். சென்னை ராஜதானியின் மீன்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சியை வெளியிட்டார். பாக் நீரிணைப் படகுகளின் பக்கப் பலகையும் அதில் இடம் பெற்றிருக்கிறது. நான் விழுந்த பலகைக்கு அத்தனை கௌரவம் உண்டென்று தெரிந்தபோது, வலி சற்றுக் குறைந்தது. சிறு படகுகள் கூட்டமாகக் கூடும் வழக்கம் மற்றத் தேசங்களிலும் இருக்கிறது. இங்கிலாந்தில் கௌஸ் என்னும் இடத்துப் போட்டிகள் 1826-ல் தொடங்கியவை. பிரான்ஸில் மோர்பிஹான் வளைகுடாவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் நூற்றுக்கணக்கான பழங்காலப் படகுகள் பாய் விரித்துக் கூடுகின்றன. அங்கே யார் முந்துவது என்பதைவிடச் சேர்ந்து போவதே பெரிது. நம் சென்னைத் துறைமுகத்திலும் 1911 முதல் பாய்மரப் படகுச் சங்கம் ஒன்று இருந்து வருகிறது. சென்னைப் பெண்ணான நேத்ரா குமணன், 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்ற பெயரை எடுத்தார். இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சில் அன்று ஒருவரும் தூங்கவில்லை.

2024-ஆம் வருஷத் திருவிழா வந்தது. தண்டயல் வீட்டுக்கு வரவில்லை. வேறு ஆள் கிடைத்துவிட்டான் போலும் என்று நான் மனம் குன்றிப் போயிருந்தேன். முதல் நாள் மாலை கடற்கரைப் பக்கம் போனேன். பாயைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்கே ஸார் ரெண்டு நாளா ஆளைக் காணோம்? அந்த நுனியைப் பிடிங்க" என்றார். என்னை அழைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை!

இந்தத் தடவையும் கச்சான்தான். கொடியைச் சுற்றித் திரும்பினோம். பாதித் தூரம் வந்ததும் காற்று முன்போலவே விழுந்தது. நான் உள்ளே ஓடி வந்தேன். ஆனால் காற்று மறுபடி எழுந்தபோது, பழைய பயத்தினால் வெளியே போகச் சற்றுத் தாமதித்துவிட்டேன். படகு அபாயமாகச் சாய்ந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் இடி மாதிரி வந்தது: "போய்யா வெளியே! மாடு மாதிரி நிக்கிறே!"

போனேன். பலகையின் நுனி வரையில் போனேன். படகு நிமிர்ந்தது, அலை முகத்தில் அறைந்தது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று பக்கத்தில் நின்றவருக்கு விளங்கவில்லை.

அன்று எங்கள் படகுக்கு ஐந்தாவது இடம். பரிசு இல்லை. கரையேறியதும் தண்டயல் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கடல்லே ஏதோ வாய் தவறி வந்துடுச்சு ஸார். மனசிலே வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இல்லை. நீங்கள் சொன்னது சரிதான்" என்றேன்.

அவருக்கு நிம்மதியாயிற்று. ஆனால் ஒரு விஷயத்தில் நான் அவரிடம் பொய் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நான் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.