குளத்துக்குள்ளே ஒரு கூடு

கூடு என்றதும் நமக்குத் தூக்கணாங்குருவிதான் ஞாபகம் வரும். மீனும் கூடு போடும். திண்டுக்கல் பக்கத்துக் குளங்களில் மழைத் தண்ணீர் ஏறியதும் விரால் அதைத்தான் செய்யும். எனக்குக் காட்டித் தந்தவர் சித்தப்பா.

கரையோரம் ஆழமில்லாத இடமாகப் பார்த்து, பாசியையும் புல்லையும் ஒதுக்கி வட்டமாக இடம் பிடிக்கும். நடுவில் தேன் நிறத்தில் முட்டைகள் மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாகத் திரியும். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுகள் மூச்சுக்காக மேலே வந்து வந்து போகும். அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலிருக்கும். அடியில் தகப்பனோ தாயோ காவல் நிற்கும்.

ஆபத்தும் அதில்தான். அங்கே தூண்டில் போட்டால், பசி இல்லாவிட்டாலும் பிள்ளையைத் தொட வந்த கோபத்திலேயே பாய்ந்து கவ்வும். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

ஜிலேபிக் கெண்டை வேறு ரகம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். ஆண், தரையில் வாயாலேயே தட்டு மாதிரி குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு நீந்தும்வரை வாய்தான் தொட்டில். அதுவரை சரியாக இரைகூட எடுக்காது.

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறோமே ஃபைட்டர் மீன், அதன் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கத்து வயல்களும் சதுப்புகளும். தேங்கிய தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதனால் ஆண் மீன் எச்சில் குமிழ்களால் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். கீழே நழுவும் முட்டையை வாயால் எடுத்து மறுபடி அதில் வைக்கும்.

போன ஐப்பசியில் சித்தப்பா மகனுக்குப் பிள்ளை பிறந்தது. சிசேரியன். விரால் சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள் எங்கள் பக்கம். தம்பி தூண்டிலோடு கிளம்பினான். குளத்தில் சிவப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் சித்தப்பா அவன் கையைப் பிடித்துவிட்டார்.

“ஏம்ப்பா, எம் பொண்டாட்டிய விட மீன் பெருசா?”

“உம் பிள்ளைக்கு அப்பத்தா, அம்மாச்சி, நாங்க எல்லாரும் இருக்கோம். அதுகளுக்கு இது ஒண்ணுதான்டா இருக்கு.”

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனான். அன்று வீட்டில் ஜிலேபிக் கெண்டைக் குழம்பு. தம்பி பெண்டாட்டி ரசித்துத்தான் சாப்பிட்டாள்.

மழை மாதத்தில் குளத்துப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். மழையே இல்லாமல் ஓரிடத்தில் தூறினால், தூண்டிலை வேறு பக்கம் போடுங்கள்.