100 பாட் டிக்கெட்டில் மரண ரயில்... காஞ்சனபுரியில் ஐந்து நண்பர்களின் ஒரு நாள்!

பாங்காக் போக லீவு கேட்டபோது எங்கள் டெஸ்க்கில் எல்லோரும் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். விசா இல்லாமல் போகலாம் என்று ஆன பிறகு சென்னையில் பாதிப் பேரின் இன்ஸ்டாவில் பாங்காக்தான் ஓடுகிறது. மிதக்கும் சந்தை, படுத்திருக்கும் புத்தர், இரவுக் கடைத்தெருவில் வறுத்த தேள் என்று நாங்களும் முதல் மூன்று நாள் அதையேதான் சுற்றினோம். (தேளை யாரும் சாப்பிடவில்லை. போட்டோ எடுக்கவே 10 பாட் கேட்டார்கள்.)

நான் சொல்ல வந்தது நான்காவது நாளைப் பற்றி.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். ஒருவன் போட்டோகிராபர். ஒருவன் எங்கள் குரூப்பின் கணக்குப்பிள்ளை, தண்ணீர் பாட்டில் வாங்கினால்கூட செயலியில் ஐந்தாகப் பிரித்துப் போட்டுவிடுவான். இன்னொருத்தி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். இவர்கள் மூவரும் என்னோடு ஜர்னலிசம் டிப்ளமோ படித்தவர்கள். ஐந்தாவது ஆள், கோலாலம்பூர்க்காரி அழைத்து வந்த ஆபீஸ் தோழி. மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் பெண். காலையில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க மாட்டாள், "பசியாறிட்டீங்களா?" என்பாள். இரண்டாவது நாளே நாங்கள் எல்லோரும் பசியாற ஆரம்பித்துவிட்டோம்.

நான்காவது நாளுக்கு ஏரவான் அருவி என்று பிளான். ஏழு அடுக்காக விழும் அருவி, பச்சைத் தண்ணீர், ரீல்ஸுக்காகவே படைத்தது போன்ற இடம். முந்தைய நாள் ராத்திரி ஈப்போ தோழி மெதுவாகச் சொன்னாள். "அருவிக்கு நீங்க போயிட்டு வாங்க. அதே மாநிலத்துல காஞ்சனபுரி டவுன் இருக்கு. நான் அங்க ஒரு கோயிலுக்குப் போவணும். பாட்டி சொல்லி விட்டிருக்காங்க."

பாட்டி ஏன் தாய்லாந்தில் ஒரு கோயிலுக்குப் போகச் சொல்கிறார்? கேட்டதற்கு, "பாட்டியோட அப்பா சயாம் ரயிலுக்குப் போனவரு" என்றாள். எங்களில் இரண்டு பேருக்கு அது புரிந்தது. கணக்குப்பிள்ளைக்குப் புரியவில்லை. அருவி வேனுக்குக் கொடுத்த முன்பணம் 500 பாட் திரும்பி வராது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. கொஞ்சம் முணுமுணுத்தான். ஆனாலும் காலையில் எல்லோருக்கும் முன்னால் குளித்து ரெடியாக நின்றவன் அவன்தான்.

பாங்காக்கில் ஆற்றுக்கு அக்கரையில் தோன்புரி என்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் கிளம்பும் பாசஞ்சர் ரயில். வெளிநாட்டவர்களுக்கு டிக்கெட் 100 பாட். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், ஏ.சி கிடையாது. தலைக்கு மேல் ஃபேன், திறந்த ஜன்னல். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டபோது அரக்கோணம் லோக்கலில் இருப்பது போலவே இருந்தது. ஒட்டும் சோறும் பொரித்த கோழியும் கூடையில் வந்தன. மிளகாயும் சர்க்கரையும் உப்பும் கலந்த பொடியோடு மாங்காய்த் துண்டு வந்தது. மெரினா மாங்காய்க்கு நான் விசுவாசி. ஆனால், இதில் அந்தச் சர்க்கரை செய்யும் வேலை இருக்கிறதே, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சுமார் 120 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே ஆகிறது. காஞ்சனபுரி என்ற பெயரை யாரும் நமக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. காஞ்சனம் என்றால் பொன், பொன்னகரம். அந்த ஊர் நிலையத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ரயில் ஆமை வேகத்துக்கு வந்தது. உலகமே பார்த்த அந்தப் பாலம் வந்துவிட்டது.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' 1957-ல் வந்த படம். பியேர் பூல் எழுதிய பிரெஞ்சு நாவலை வைத்து டேவிட் லீன் எடுத்தது. இதில் இரண்டு வேடிக்கை இருக்கிறது. படம் தாய்லாந்தில் எடுக்கப்படவே இல்லை, இலங்கையின் கித்துல்கலவில் பாலம் கட்டி எடுத்தார்கள். இரண்டாவது, அசல் பாலம் அப்போது நின்றுகொண்டிருந்தது மே க்ளோங் என்ற ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்த டூரிஸ்ட்டுகள் எல்லோரும் 'க்வாய்' ஆறு எங்கே என்று கேட்க, 1960-களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே 'க்வே யாய்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். தாய் மொழியில் 'க்வே' என்றால் கிளையாறு. 'க்வாய்' என்று உச்சரித்தால் எருமை! இதைச் சொன்னதும் கணக்குப்பிள்ளை மதியம் வரை 'எருமைப் பாலம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் பழையவை. ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மாட்டியவை. நடுவில் இரண்டு சட்டங்கள் மட்டும் நேர்க்கோடாக இருக்கும். நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்ததைப் போருக்குப் பிறகு மாற்றியது அது.

பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரத்தில் தாம் கிரசே. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, இன்னொரு பக்கம் கீழே க்வே நொய் ஆறு. நடுவில் மரத் தூண்கள் மேல் நிற்கிற தண்டவாளம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் பாறை உரசும். ரயில் நடந்து போகிறவர் வேகத்தில் ஊர்ந்தது. மரங்கள் முனகும் சத்தம் கேட்டது. பெட்டியில் இருந்த அத்தனை போனும் ஜன்னலுக்கு வெளியே இருந்தன, எங்கள் ஐந்தில் நான்கு உட்பட. ஈப்போ தோழி மட்டும் போனை எடுக்கவில்லை. கீழே அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாம் கிரசேயில் இறங்கி, குகையில் இருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு, ஆற்றைப் பார்த்த ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவள் கதையைச் சொன்னாள்.

பாட்டிக்கு இப்போது 86 வயது. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பருக்கு விலையில்லை, வேலையில்லை, அரிசியில்லை. துணியே கிடையாது. பாட்டி சாக்குத்துணியில் தைத்த பாவாடைதான் கட்டியிருந்தாராம். அப்போது ஆள் எடுத்தார்கள். சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, தங்க இடம். "வரும்போது உனக்குச் சட்டைத்துணி வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பாட்டிக்கு அப்போது நான்கு வயது. அந்த ஒரு வரியைத் தவிர அப்பாவைப் பற்றி வேறு எதுவும் பாட்டிக்கு ஞாபகமில்லை.

"செத்துட்டாருன்னு சொல்லவும் ஆளில்ல, இருக்காருன்னு சொல்லவும் ஆளில்ல. கொள்ளுப்பாட்டி கடைசி வரைக்கும் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. என்னிக்குப் போனாருன்னு தெரியாததால திதி கிடையாது. பாட்டி வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் பொதுவா ஒரு இலை போட்டுருவாங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா அவங்களுக்கு அது ஒரு குறைதான்."

இந்த ரயில் பாதையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை. 'சயாம் மரண ரயில்' என்ற பெயரை முதலில் பார்த்தது, மலேசிய எழுத்தாளர் ஆர்.சண்முகம் அதே பெயரில் எழுதிய நாவலின் அட்டையில்தான். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்ப வேண்டும். கடல் வழியாகப் போனால் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துவிடும். அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை காடும் மலையும் குடைந்து 415 கிலோமீட்டர் பாதை. ஆங்கிலேயர்கள் முன்பே யோசித்துப் பார்த்து, முடியாது என்று விட்ட தடம் அது. 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள்.

எப்படி முடித்தார்கள் என்பதற்கு இந்த எண்கள்தான் பதில். 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் - பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள் - வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். படம் இவர்களைப் பற்றியது. ஆனால் பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலாயாத் தோட்டத் தமிழர் என்று ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 முதல் 2,50,000 வரை இருந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000. காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி, அடி. கைதிகளுக்குள் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவர் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதும் அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துக் கூலிகளுக்கு அப்படி யாரும் இல்லை. பெயர் எழுதாததால்தான் இன்றைக்கும் 'சுமார்' போட வேண்டியிருக்கிறது.

ஆள் சேர்ப்பது குறைந்தபோது, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகை வாசலைச் சாத்தி, நேராக கூட்ஸ் வண்டியில் ஏற்றிய கதைகளும் உண்டு. சினிமா என்ற சொல் இந்த ரயிலை எத்தனை விதமாகத் தொடுகிறது பாருங்கள்!

மதியம் ஒரு வண்டி பிடித்து டவுனுக்குத் திரும்பினோம். பாலத்தின் மேல் நடந்தோம். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே சின்ன மேடைகள் உண்டு. இரு கரையிலும் டி-ஷர்ட் கடை, இளநீர் ஐஸ்க்ரீம், காந்தம் ஒட்டிய பொம்மை. எனக்கு அதில் கோபமில்லை. அந்த ஊர்க்காரர்களும் பிழைக்க வேண்டுமே. ஐஸ்க்ரீம் அருமையாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

காஞ்சனபுரி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். புல் வெட்டிய விதத்தைப் பார்த்தால் கால் வைக்கவே கூசும். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, பெரும்பாலும் வயது. 22, 24, 23... எங்கள் வயதேதான். போட்டோகிராபர் நான்கைந்து படம் எடுத்துவிட்டு கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். ஈப்போ தோழி ஒவ்வொரு வரிசையாக நின்று தேதிகளைப் படித்தாள். "எல்லாருக்கும் தேதி இருக்குல்ல" என்றாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

பக்கத்திலேயே இருக்கிறது வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில். பார்க்கச் சீனக் கோயில் மாதிரி இருக்கும், வியட்நாம் மரபைச் சேர்ந்த புத்த கோயில். அடையாளம் தெரியாமல் இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு இங்கேதான் நினைவிடம். தாய்லாந்தில் வாழும் தமிழர்களின் முயற்சியில் நம் ஆட்களுக்காக ஒரு நடுகல்லும் சில வருடங்களுக்கு முன் வைக்கப்பட்டிருக்கிறது. நாள் முழுக்கத் தாய் எழுத்துகளாகவே பார்த்துவிட்டு, திடீரென்று தமிழ் எழுத்தைப் பார்த்தபோது கோலாலம்பூர்க்காரிதான் முதலில் அழுதாள்.

வாசலில் மல்லிகை மாலை வாங்கினோம். தாய் மொழியில் அதற்கு 'புவாங் மாலை' என்று பெயர். "மாலை" என்று நாங்கள் சொன்னதுமே கடைக்கார அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். ஈப்போ தோழி பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தாள். பாட்டி கொடுத்து விட்டது. புது வேட்டியும் துண்டும். கூடவே ஓர் அரை மீட்டர் பூப்போட்ட சட்டைத்துணி. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கல்லின் முன்னால் வைத்து, மாலை சாத்தி, ஊதுபத்தி ஏற்றினாள். ஒரு பிக்கு வந்து பார்த்தார், சிரித்தார், காற்றில் ஊதுபத்தி அணையாமல் இருக்க ஒரு மணல் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பாட்டிக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் நெற்றி மட்டும் தெரிந்தது.

"பாட்டி, போனைக் கொஞ்சம் கீழ புடிங்க. தெரியுதா?"

"தெரியுது. தமிழ்லயா எழுதியிருக்கு? படிச்சுக் காட்டு."

கல்லில் இருப்பதை அவள் முழுவதும் படித்தாள். பாட்டி கேட்டார், "பேரு இருக்கா?"

"யாரு பேரும் இல்ல பாட்டி. எல்லாருக்கும் சேர்த்துத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தோம். அப்புறம் பாட்டி, "சரி, அப்ப எங்கப்பாவுக்கும் சேர்த்துத்தான்" என்றார். "பக்கத்துல யாரும்மா அவங்க எல்லாம்?" என்று எங்களைக் கேட்டார். சென்னை என்றதும், "புள்ளைங்க பசியாறிட்டாங்களா?" என்றார். மாலை ஆறு மணி. "ஆச்சு பாட்டி" என்றோம் கோரஸாக.

வேனில் பாங்காக் திரும்பும்போது கணக்குப்பிள்ளை செலவுகளைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தான். டிக்கெட், வண்டி, ஐஸ்க்ரீம் எல்லாம் ஐந்தாகப் பிரிந்தன. மாலைக்கான 100 பாட் அந்தப் பட்டியலில் வரவில்லை. ஈப்போ தோழி கேட்டதற்கு, "அது என்னோடது" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ஏர்போர்ட்டில் போர்டிங்குக்குக் காத்திருந்தபோது அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மாமா அனுப்பியிருந்தார். வீட்டுச் சுவரில் மாட்டிய முருகன் காலண்டர். முந்தைய நாள் தேதியைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். பக்கத்தில், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது வரை படித்த கையெழுத்தில், 'அப்பா' என்று எழுதியிருந்தது.