தனுஷ்கோடி மணலில் ஒரு ஊத்து

போன ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிட்டு வந்தோமுங்க. அதைப் பத்தி எழுதணும்னு அப்பவே நினைச்சேன். வெங்காயம் நடவு, மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு நாள் ஓடிப்போச்சு. இப்ப கார்த்திகை மாசம், தோட்டத்துல கொஞ்சம் ஓய்வு. அதான் உக்காந்திருக்கேன்.

எங்க பக்கம் காரியம்னா காவிரிதான். மோகனூர், கொடுமுடி, பவானி கூடுதுறை, இந்த மூணுல ஒண்ணுல முழுகி எந்திரிச்சா முடிஞ்சுது. ஆனா எங்கய்யனுக்கு (எங்க பக்கம் அப்பாவை அய்யன்னுதான் சொல்லுவோம்) ராமேஸ்வரம் போயி முழுகணும்னு ஒரு ஆசை. "கடலை வெட்டி முடிச்சதும் போலாம்"னு ஒவ்வொரு வருசமும் சொல்லுவாரு. கடலை வெட்டினா அடுத்து குச்சிக்கிழங்கு, அது முடிஞ்சா வெங்காயம். கடைசி வரைக்கும் அவரு பார்த்தது நிலக்கடலையை மட்டும்தான், நீலக்கடலைப் பார்க்கவே இல்ல. மூணு வருசத்துக்கு முன்னால போயிட்டாரு. அவரு ஆசையையாவது முடிச்சு வைப்போம்னு அக்கா சொல்ல, நானு, வீட்டுக்காரி, பையன், அக்கா, மாமா அஞ்சு பேரும் வாடகைக்கு ஒரு வண்டி பேசிக்கிட்டு ராத்திரி கிளம்பினோம். கரூர், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் தாண்டி பாம்பன் பாலத்துல ஏறும்போது பளபளன்னு விடிஞ்சுது.

அக்னி தீர்த்தத்துல சரியான கூட்டம். அய்யருகிட்ட திதி கொடுத்து, கடல்ல முழுகி, ஈரத்துணியோட கோயிலுக்குள்ள போயி 22 தீர்த்தத்துலயும் வாளித் தண்ணி ஊத்திக்கிட்டோம். எனக்குச் சாமி கும்பிடற நினைப்பை விட அந்தக் கிணறுகள் மேலதான் கண்ணு. கடலுக்கும் கோயிலுக்கும் கூப்பிடு தூரம். ரெண்டு மூணு கிணத்துத் தண்ணி நாக்குல பட்டுச்சு, கடல் தண்ணி மாதிரி கரிக்கலை. கடலை ஒட்டி இப்படிக் கிணறு, நம்மூர்ல 850 அடிக்குப் போர் போட்டும் மோட்டார் அரை மணி நேரத்துல காத்தை இழுக்குதேன்னு நினைச்சுக்கிட்டே வெளிய வந்தேன்.

சாப்பிட்டு முடிச்சதும் தனுஷ்கோடி பார்க்கலாம்னு பையன் சொன்னான். ராமேஸ்வரத்துல இருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். முன்னாடியெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிரும், அங்கிருந்து மணல்லயே ஜீப்பு, வேன்ல ஆட்டிக்கிட்டுப் போவாங்களாம். 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டுட்டாங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ரோடு. தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடா, அதை ஆண் கடல்னு சொல்றாங்க. ஆடி மாசத்துல அது ஆர்ப்பாட்டம் பண்ணுது. வடக்கே பாக் நீரிணை, பெண் கடல். ஏரித்தண்ணி மாதிரி அடங்கிக் கிடக்குது.

காத்தைப் பத்திச் சொல்லணும். எங்கூர்லயும் ஆடிக்காத்து அடிக்கும். வாழையைச் சாய்க்கும், கூரைத் தகரத்தைத் தூக்கும். ஆனா எங்க காத்துக்கு கொல்லிமலை, போதமலைன்னு நடுவுல தடுப்பு உண்டு. இங்க தடுக்க ஒண்ணுமே இல்ல. கதவைத் திறந்து இறங்கினதும் வேட்டி காலைச் சுத்திக்கிச்சு. மணல் காலுல ஊசி குத்தற மாதிரி அடிக்குது. பேசறது பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்கலை. ரோட்டு மேல மணல் பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுது. அரிச்சல்முனை முனையில நின்னா கரை முடிஞ்சுபோச்சு, ரெண்டு கடலும் சேருது. எதுக்கால சுமார் 30 கிலோமீட்டர்ல தலைமன்னார். ஒரு காலத்துல சென்னையில டிக்கெட் வாங்கி, போட் மெயில்ல ஏறி, தனுஷ்கோடி வந்து, கப்பல்ல அக்கரை போயி, திரும்பவும் ரயில்ல கொழும்பு போவாங்களாம். 1914ல பாம்பன் ரயில் பாலம் திறந்ததுல இருந்து அப்படி நடந்திருக்கு.

அதெல்லாம் 1964 டிசம்பர் 22 ராத்திரியோட முடிஞ்சுது. அன்னைக்கு அடிச்ச புயல்ல கடல் ஊருக்குள்ள ஏறி, ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச் எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போச்சு. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊரை எட்டறதுக்குள்ள அலையில சிக்கிச்சு. அதுல வந்தவங்க ஒருத்தரும் பிழைக்கலை. அப்புறம் அந்த ஊரு மனுசன் குடியிருக்க லாயக்கில்லைன்னு கவர்மெண்டே சொல்லிருச்சு. எங்கய்யனுக்கு அப்ப இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். "ரயிலையே கடல் முழுங்கிருச்சாம்டா"ன்னு நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப கண்ணை உருட்டிச் சொல்லுவாரு. பவளக்கல்லுல கட்டின அந்த சர்ச்சோட சுவரு இன்னும் நிக்குது. கூரை இல்ல, உள்ள முழுக்க மணலு.

நான் சொல்ல வந்தது அந்த சர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது.

வேண்டாம்னு சொன்ன ஊருல மீன்பிடிக்கற குடும்பங்க ஓலைக்குடிசை போட்டு இருக்காங்க. ஒரு குடிசைக்குப் பின்னாடி, நாப்பது வயசு இருக்கும், ஒரு அம்மா குந்த வச்சு உக்காந்து மணல்ல ஒரு குழியில இருந்து கொட்டாங்குச்சியால தண்ணி மொண்டு குடத்துல ஊத்திக்கிட்டு இருந்துச்சு. குழி இடுப்பளவு கூட இல்ல. நூறு நூத்தம்பது அடியில கடல் இரைஞ்சுக்கிட்டு இருக்கு.

"ஏனுங்கம்மா, இது குடிக்கற தண்ணியா?"ன்னு கேட்டேன்.

"குடிச்சுப் பாருங்கண்ணே"ன்னு கொட்டாங்குச்சியை நீட்டிச்சு. குடிச்சேன். நல்ல தண்ணி. கொஞ்சம் மண் வாசம், அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா நெறைய வருமில்ல?"ன்னு என் பையன் கேட்டான்.

அந்தம்மா சிரிச்சுது. "ஆழமாப் போனா உப்பு வந்துரும் தம்பி. மேலாப்பல அள்ளிக்கணும். எடுத்த எடத்துல கொஞ்ச நேரம் விடணும், திரும்ப ஊறும்."

விசயம் இதுதானுங்க. மழைத்தண்ணி மணல்ல இறங்கி அடியில நிக்குது. உப்புத்தண்ணி கனம், நல்ல தண்ணி லேசு. அதனால இது அது மேல மிதந்துக்கிட்டு இருக்கு. மணல் இருக்கற வரைக்கும் தண்ணி இருக்கும். அந்த மணலைக் காத்து கொண்டு போயிராம அடும்புக்கொடியும் இராவணன் மீசைங்கற முள்ளுப்புல்லும் புடிச்சு வச்சிருக்கு.

அந்தக் கொட்டாங்குச்சியைத் திருப்பிக் கொடுக்கறப்ப எனக்கு மூஞ்சி கருத்துப்போச்சு. ஏன்னு சொல்றேன்.

எங்க தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை போகுது. திருமணிமுத்தாறுல போயிச் சேரும். என் சின்ன வயசுல அது நிறைய மணலு. கோடையில ஓடை காஞ்சாலும் மணலைக் கையால பறிச்சா ஊத்துத் தண்ணி வரும். எங்கம்மா இதே மாதிரிதான் கொட்டாங்குச்சியில மொண்டு குடத்துல ஊத்திக்கிட்டு வரும். எங்க கிணறு 60 அடி. ஓடை மணல் ஈரமா இருக்கற வரைக்கும் கிணறு வத்தினதே கிடையாது.

அப்புறம் 2003 பஞ்சம். மழையே இல்ல. கிணறு அடி தெரிஞ்சுது. மாட்டை வித்தாச்சு. அப்ப ஒருத்தன் வந்து, உங்க தோட்டத்து வழியா டிராக்டர் விடுங்க, லோடுக்கு இவ்வளவு தர்றேன்னான். அனுமதி கினுமதின்னு யாரும் கேக்கலை. நான் ஒத்துக்கிட்டேன். எங்கய்யன் வேண்டாம்னாரு. "மணலு தண்ணி வச்சிருக்கற சட்டிடா. சட்டியை வித்துப்போட்டு சோத்தை எதுல ஆக்குவ?"ன்னாரு. பஞ்சத்துல வேற என்ன பண்ணச் சொல்றீங்கன்னு நானும் கத்தினேன். ரெண்டு வருசம் டிராக்டர் ஓடுச்சு. ஓடை களிமண்ணு தெரியற அளவுக்குப் போச்சு. வந்த பணத்துல திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு 400 அடிக்குப் போர் போட்டேன். நாலு வருசம் வந்துச்சு. அப்புறம் 850. மழை பெஞ்சா இப்ப ஓடைத்தண்ணி ஒரே நாள்ல ஓடிப்போயிரும், நிக்க எடமில்ல. கிணறு குப்பை போடற குழி ஆயிருச்சு. எங்கய்யன் அதைப் பத்தி ஒரு வார்த்தை கூடச் சொல்லிக் காட்டலை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

திரும்பி வர்றப்ப வண்டியில இருந்தே அக்கா தன் மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்துச்சு. அவன் நெதர்லாந்துல கம்ப்யூட்டர் வேலை பார்க்கறான். நான் பார்த்ததைச் சொன்னேன். "மாமா, இங்கயும் இதே கதைதான். கடற்கரையில காத்து ஆளைத் தள்ளும், மணல் பறக்கும். அந்த மணல்மேட்டுத் தண்ணியைத்தான் 1853ல இருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிக்கக் கொண்டு போறாங்க. இப்ப ஆத்துத் தண்ணியைக் கூடக் கொண்டாந்து அந்த மணல்ல விட்டு வடிகட்டி எடுக்கறாங்க. மணலைப் புடிச்சு வைக்கறதுக்குன்னே புல்லு நடறாங்க"ன்னான். பணக்கார நாடு, குழாயில குடிக்குது. தனுஷ்கோடி அம்மா கொட்டாங்குச்சியில குடிக்குது. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது ஒண்ணுதான். எங்கய்யனுக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

இதுல இன்னொண்ணு இருக்கு. எங்க பட்டாவுல ஓடைக்கரையோரம் ஒரு மணல்மேடு மிச்சமிருக்கு. அதைக் கேட்டு ஒருத்தன் ஆடிக்கு முன்னாலயே வந்துட்டுப் போனான். பையன் கொடுத்துரலாம்னான். வர்ற காசுல 1200 அடிக்குப் போர் போடலாம், இல்லாட்டி குச்சிக்கிழங்கு காஞ்சிரும்னு அவன் கணக்கு. அவனைத் தப்புச் சொல்ல முடியாது. அன்னைக்கு நான் போட்ட கணக்கும் அதேதான். ராமேஸ்வரம் போயிட்டு வந்து சொல்றேன்னு தள்ளி வச்சிருந்தேன்.

வந்த மறுநாளே கொடுக்கறதில்லைன்னு சொல்லிட்டேன். "குடிக்கறதுக்கு ஒரு குடம் வேணா அந்தக் குழியில எடுக்கலாம்ப்பா, அதை வச்சு மூணு ஏக்கர் பாயுமா?"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போனான். பதில் சொல்ல எனக்குத் தெரியலை. ஒரு வாரம் எங்கிட்டப் பேசலை. குச்சிக்கிழங்கும் அரை ஏக்கர் காஞ்சுதான் போச்சு.

ஐப்பசியில மழை பெஞ்சு ஓடையில ரெண்டு நாள் தண்ணி போச்சு. அது வடிஞ்சு பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம், பையன் மம்பட்டியை எடுத்துக்கிட்டு ஓடைப்பக்கம் போறதைப் பார்த்தேன். மேட்டோரமா ஒரு குழி பறிச்சுக்கிட்டு இருந்தான். நான் பக்கத்துல போகலை. அவன் போனப்புறம் போயிப் பார்த்தேன். ரெண்டு முழத்துல மணல் ஈரமா இருந்துச்சு. தண்ணி ஊறலை. ஈரம் மட்டும்தான். குழியை அவன் மூடாம விட்டுட்டுப் போயிருந்தான். நானும் மூடலை.