மலை மேல் எழுத்து

கனடா தேசத்து டொராண்டோ நகரில் குடியிருக்கும் நம்முடைய யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடமிருந்து 2023-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட விடுமுறையை உத்தேசித்து மனைவியுடனும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுடனும் தமிழ்நாட்டுக்கு வருவதாகவும், அதில் மூன்று நாள் மதுரைக்கென்று ஒதுக்கியிருப்பதாகவும் எழுதியிருந்தார். பிரயாண ஏற்பாடு செய்யும் கம்பெனி ஒன்று அனுப்பிய ஜாபிதாவையும் கூடவே இணைத்து, "இதில் எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லவேணும்" என்று கேட்டிருந்தார்.

ஜாபிதாவைப் படித்தபோதே நமக்கு மூச்சு வாங்கியது. 'கோயில் யாத்திரை' என்றால் மூன்று நாளில் பதினாறு கோயில்கள். 'சாப்பாட்டு யாத்திரை' என்று ஒன்று. அது ஜிகர்தண்டாவில் ஆரம்பமாகி நடுநிசிப் பரோட்டாவில் முடிகிறது. 'மாளிகை யாத்திரை' திருமலை நாயக்கர் மஹாலில் தொடங்கிச் செட்டிநாட்டு வீடுகள் வரையில் போகிறது. கடைசியாக 'சர்வ யாத்திரை'. மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி, கொடைக்கானல் ஆகிய நான்கும் அந்த மூன்று நாளுக்குள்ளேயே அடக்கம். அதில் போகிறவர்கள் முக்கியமாகத் தரிசிப்பது மோட்டார் வண்டியின் முன்புறத்துக் கண்ணாடியைத்தான்.

கடிதத்தின் அடியில் வேறொரு விஷயமும் இருந்தது. "பெண் தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில், தன் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். டொராண்டோ என்று எழுதினாள். 'அதற்கு முன்பு?' என்று ஆசிரியை கேட்டாராம். என்னிடம் வந்தாள். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடு இல்லை. நான் என்ன சொல்ல?"

இதைப் படித்த பிறகு ஜாபிதாவை ஒரு புறமாக வைத்துவிட்டோம். மூன்று நாளில் ஓர் ஊர் முழுவதையும் பார்த்துவிட நினைக்கிறவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. ஏதேனும் ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தச் சரட்டில் கோத்த மனிதர்களையாவது சந்திக்கலாம். மதுரையில் அப்படிப்பட்ட சரடு எது? நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளியில் அங்கங்கே பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் குகைகளில், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துக்களில் சில வெட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே 'எழுத்து யாத்திரை' என்று தீர்மானித்து, நண்பருக்குத் தெரிவித்தோம்.

தொலைபேசியில் நண்பரின் குரல் கலவரப்பட்டது. "அண்ணை, மீனாட்சியம்மனைப் பாராமல் போகேலுமோ?"

"காலை வேளை எழுத்துக்கு, மாலை வேளை அம்மனுக்கு" என்று சமாதானம் சொன்னோம்.

முதல் நாள் கீழடிக்குப் போனோம். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே, 2015-ல் தோண்டத் தொடங்கிய இடம் அது. 2023 மார்ச்சு மாதத்தில் அங்கே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டைப் போலக் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கீழடியின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு வரையில் கொண்டு போகிறது. அதைப் பற்றி அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. அந்த விவாதத்தில் நாம் புகவில்லை. உடைந்த பானை ஓடுகளின் எதிரே நின்றோம். ஆதன் என்றும், குவிரன் என்றும் பெயர்கள் கீறியிருக்கின்றன. அரசரல்லர், புலவரல்லர், தம் பானை வேறொருவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாதென்று கவலைப்பட்ட சாதாரண ஜனங்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

அங்கேயே அந்த எழுத்தில் சிலவற்றைப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்தோம். 'க' என்பது கூட்டல் குறி. 'ர' என்பது நெட்டுக்கு ஒரு கோடு. "இது இப்போதைய தமிழைவிடச் சுலபம் மாமா!" என்றாள். தகப்பனார் வாங்கிக் கொடுத்த நோட்டுப் புத்தகம் அன்றுதான் முதல் முறையாகத் திறந்தது.

இரண்டாம் நாள் விடியுமுன் வடக்கே புறப்பட்டோம். கள்ளழகர் கோயில் மலைத்தொடரின் மறு பக்கத்தில், கிடாரிப்பட்டிக்கு அருகே ஒரு நீண்ட குகை இருக்கிறது. ஜனங்கள் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். உண்மையில் அங்கே படுத்தவர்கள் சமணத் துறவிகள். பாறையை இழைத்துப் படுக்கையும், தலைமாட்டில் சற்றே உயர்த்தித் தலையணையும் செய்திருக்கிறார்கள். மழை நீர் உள்ளே வழியாமல் நெற்றிப் பாறையில் ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அந்த நெற்றியிலே, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், தானம் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டன. உப்பு விற்றவர் ஒருவர். வெல்லப்பாகு விற்றவர் ஒருவர். கலப்பைக்குக் கொழு விற்றவர் ஒருவர். துணி வியாபாரி ஒருவர். மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். அந்தப் பொற்கொல்லரின் பெயரும் ஆதன்தான்! முதல் நாள் பானை ஓட்டில் பார்த்த பெயரை மலை மேல் கண்டதும் பெண் கை கொட்டிச் சிரித்தாள்.

"ஊர், தொழில், பெயர். எல்லாரும் இதைத்தானே எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டாள். தொழில் என்ற கட்டத்தில் 'மாணவி' என்று நம்மிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். பெயரையும் பழைய எழுத்திலேயே எழுதினாள். ஊர்க் கட்டத்துக்கு வந்ததும் பென்சிலை மூடி வைத்துவிட்டாள். நண்பர் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்து மலைக்குப் போனோம். ஏற்றம் கொஞ்சம் கடினம்; நிழலும் குறைவு. மேலே பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பர். இராபர்ட் சுவெல் என்ற ஆங்கில அதிகாரி 1882-ல் இதைக் கண்டறிந்தார். படிக்க முடியவில்லை. 1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இக்குகைகளிலுள்ள பாஷை தமிழே என்று எடுத்துக் காட்டினார். 1965-ல் ஐராவதம் மகாதேவன் பாண்டியனின் பெயரைத் தெளிவாக வாசித்தார். ஆக, கண்ணுக்கு எதிரே இருந்த எழுத்தைப் படிக்க எண்பத்து மூன்று வருஷம் ஆயிற்று.

"அப்பா, பெரியவர்களுக்கே இத்தனை வருஷமாம். என்னை மட்டும் ஏன் தமிழ் படிக்கத் தெரியவில்லையென்று கோபிக்கிறீர்கள்?" என்றாள் பெண். நியாயமான கேள்விதான்.

மூன்றாம் நாள் காலை கீழக்குயில்குடிக்குச் சென்றோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில்; பின்னால் சமணர் மலை. செட்டிப்புடவில் நீண்ட காதுகளுடன் வீற்றிருக்கும் தீர்த்தங்கரரை யாரோ ஒரு செட்டியார் என்று ஊரார் எண்ணியதால் அந்தப் பெயர் வந்ததாம். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலாகப் பாறையில் சிற்ப வரிசை, அடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்தில் எழுத்து எவ்வளவோ மாறிவிட்டது; எழுதியது தமிழ்தான். இங்கே ஒரு துக்கமான காட்சியையும் சொல்ல வேண்டும். இத்தகைய மலைகளில் பலவற்றில் நம் காலத்து வாலிபர்களும் தங்கள் பெயரைச் சாயத்தால் எழுதியிருக்கிறார்கள். உப்பு வணிகர் துறவிக்குப் படுக்கை கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார். இவர்கள் கொடுத்தது என்ன?

பிற்பகலில் திருப்பரங்குன்றத்துக்கு வந்தோம். மலையின் மேற்குப் புறத்துக் குகையிலும் கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்தும் உண்டு. அதிலே ஒரு வரியைக் காட்டி, மகாதேவன் வாசித்தவாறு பெண்ணுக்குச் சொன்னோம். போலாலயன் என்பவன் கொடுத்த தானம் அது. அவன் எருக்காட்டூரில் வசித்தவன், ஈழக் குடும்பிகன்.

"ஈழமா?" என்று கேட்டது பெண் அல்ல; நண்பர்.

ஈழம்தான். அதிலுள்ள ழகரம், அசோகர் காலத்து வடபுல எழுத்தில் இல்லாதது. தமிழின் ஓசைக்கென்று ழ, ள, ற, ன என்னும் நான்கு எழுத்துக்களை நம் முன்னோர் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடலைத் தாண்டி வந்த ஒரு குடும்பத்தார், குடியேறிய ஊரையும் எழுதினார்; புறப்பட்ட நாட்டையும் எழுதினார். ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவில்லை.

பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாறை மேல் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். ஊர்க் கட்டத்தில் இரண்டு வரி எழுதினாள். முதல் வரி டொராண்டோ. இரண்டாவது வரியில் இரண்டே எழுத்து. அதில் ஒன்று ழகரம். நண்பர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அன்று மாலை அம்மன் சந்நிதியில் அவர் வெகு நேரம் நின்றார்.

வெளிநாட்டிலிருந்து உற்றார் உறவினர் வரும் நேயர்களுக்குச் சில யோசனைகள். மலைக்கு விடியற்காலையில் போங்கள். சாய்வாக வெயில் விழும்போதுதான் வெட்டெழுத்து கண்ணுக்குத் தெரியும். உச்சி வேளையில் எல்லாம் வெறும் பாறை. குடி தண்ணீர் கையோடு இருக்கட்டும். மேலே கடை கிடையாது. வழியைக் கிராமத்தாரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதைகளையும் கேளுங்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்புக் கட்டியும் பூச வேண்டாம், விரலும் வைக்க வேண்டாம்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, 2024 நவம்பரில், மேலூர் வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் முடிவான செய்தி வந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193 ஹெக்டேரும் அதனுள் அடங்கியிருந்தது. கிராமத்து ஜனங்கள் திரண்டெழுந்தார்கள். மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது.

அந்த இரண்டு மாத காலத்துக்குள் டொராண்டோவிலிருந்து மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றிலும் பெண்ணின் கேள்வி ஒன்றுதான்: "நெடுஞ்செழியன் எழுத்துக்கு ஒன்றும் ஆகிவிடாதே?"

ஏலம் ரத்தான அன்றே, "எழுத்து இருக்கிறது" என்று தமிழில் ஒரே வரி எழுதி அனுப்பினோம். யாரும் வாசித்துக் காட்டாமல் அவளே படித்தாள் என்று நண்பர் பதில் எழுதியிருந்தார்.